கழனி வழியில் மாடு முட்ட வந்தால்...

கேள்வி: கணியம்பாடி பக்கம் வீடு கட்டிக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. தினமும் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு கழனி வழியாக ஏரிக்கரை வரை நடப்பேன். போன வாரம் வரப்போரம் கட்டியிருந்த பசு ஒன்று தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்து வந்துவிட்டது. கயிறு இழுத்துப் பிடித்ததால் தப்பித்தேன். நடையை நிறுத்தவும் மனசில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: நடையை நிறுத்த வேண்டாம் அம்மா, நாயை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பக்கத்தில் கன்று இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் அத்தை ஆறு வருஷம் தன் கையால் கறந்த மாடு, குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் அசையாத மாடு, கன்று போட்ட மூன்றாம் நாள் அத்தையையே இடுப்பில் முட்டித் தள்ளிவிட்டது. காளையைக் கண்டு ஒதுங்குகிற நாம் பசு என்றால் சாது என்று நம்பி அதற்கும் கன்றுக்கும் நடுவில் புகுந்து போய்விடுகிறோம், அதுதான் பெரிய ஆபத்து. அதுவும் கூடவே நாய் வந்தால், தன் கன்றைக் கடிக்க வருவதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். நாய் பயந்து ஓடி ஒளிவதோ உங்கள் காலடியில். அப்படி ஒரு நிலைமை வந்தால் நாயின் வாரைக் கையிலிருந்து விட்டுவிடுங்கள், அது ஓடித் தப்பித்துக்கொள்ளும்.

கட்டிய மாடு எதுவரை வரும் என்பது புல்லைப் பார்த்தாலே தெரியும். முளையைச் சுற்றி வட்டமாக மேய்ந்து மொட்டையாகிக் கிடக்கும், அந்த வட்டத்துக்கு வெளியே இன்னும் நாலு எட்டு தள்ளி நடங்கள். முளை ஈர மண்ணில் அடித்திருந்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அப்போது வேறு வரப்பில் சுற்றிப் போவதே மேல். மாட்டுக்குப் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும், நேர் பின்னால் தெரியாது. அதனால் சத்தமில்லாமல் பின்பக்கமாக நெருங்காமல், தூரத்திலிருந்தே பேசிக்கொண்டு வாருங்கள்.

மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். தலையைத் தாழ்த்தி, புஸ் புஸ் என்று மூச்சுவிட்டு, முன்னங்காலால் மண்ணைக் கிளறினால் விலகச் சொல்கிறது என்று அர்த்தம். ஓடக்கூடாது, மாட்டை ஓடி ஜெயிக்க முடியாது. அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பக்கவாட்டில் விலகி ஒரு தென்னை மரமோ பம்ப்செட் ரூமோ நடுவில் வரும்படி நின்றுகொள்ளுங்கள். நம் பக்கம் சுற்றுச்சுவர் இல்லாத தரைக்கிணறுகள் நிறைய உண்டு, பின்னால் பார்க்காமல் காலை வைத்துவிடாதீர்கள், இதை மட்டும் மறக்கவே வேண்டாம்.

பொங்கலுக்குப் பிறகு மாடு விடும் விழா நடக்கிற நாட்களில் அந்த ஊர்க் கழனிப் பக்கமே போகாதீர்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிய காளை நிற்காமல் மல்லாட்டைக் கொல்லை, கரும்புத் தோட்டம் என்று புகுந்து ஓடுவது உண்டு.

மாடு முட்டி வயிற்றிலோ மார்பிலோ அடிபட்டால், ரத்தம் வரவில்லையே என்று சும்மா இருக்கக்கூடாது, உள்காயம் வெளியே தெரியாது. 108-க்குப் போன் செய்யுங்கள். தோல் கிழிந்திருந்தால் டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். காலையில் இந்த வழியாக நடக்கிறேன் என்று சொன்னால் கன்று போட்ட மாட்டை வழியை விட்டுத் தள்ளிக் கட்டுவார்.

கேள்வி: சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு போனால் மாடு முட்டுமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: முட்டாது. மாட்டின் கண்ணுக்குச் சிவப்பு நமக்குத் தெரிவதுபோல் தெரியாது. அதை மிரள வைப்பது படபடவென்று அடிக்கிற துணியும் திடீர் அசைவும்தான். எந்த நிறமாக இருந்தாலும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடங்கள்.