ஜாவா 8-இல் சிக்கலில்லாமல் ஓடும் ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷனை ஜாவா 21-க்கு மாற்ற வேண்டுமா?

கேள்வியின் சுருக்கம்: ஸ்பிரிங் பூட் 2.7 (ஜாவா அப்ளிகேஷன் எழுதும் ஃபிரேம்வொர்க்), மேவன் (பில்ட் கருவி), ஜாவா 8. ப்ரொடக்‌ஷனில் தொல்லை இல்லை. மேலிடத்தில் 21-க்குப் போகச் சொல்கிறார்கள். போனால் எது உடையும், இப்போதே போகத்தான் வேண்டுமா?

போங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே ரிலீஸில் செய்யாதீர்கள். "ஜாவா அப்கிரேட்" என்று ஒரே டிக்கெட்டில் எழுதப்படுவது உண்மையில் மூன்று வேலை: ஓட்டுகிற ஜேவிஎம்மை மாற்றுவது, கம்பைல் செய்யும் ஜேடிகேயை மாற்றுவது, ஸ்பிரிங் பூட்டை 3-க்கு ஏற்றுவது. மூன்றையும் சேர்த்துச் செய்து ஏதாவது உடைந்தால், எதனால் உடைந்தது என்று கண்டுபிடிப்பதிலேயே வாரக்கணக்கில் போய்விடும்.

ஏன் போக வேண்டும் என்பதைத் தெளிவாக்கிவிடுவோம். ஜாவா 8-க்கு டெமூரின், கொரெட்டோ போன்ற இலவச பில்டுகளில் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வருகின்றன. ஆகவே நெருக்கடி ஜாவாவிலிருந்து வரவில்லை, லைப்ரரிகளிலிருந்து வருகிறது. ஸ்பிரிங் பூட் 2.7-இன் கடைசி இலவச வெளியீடு 2.7.18, 2023 நவம்பரில் வந்தது. நாளை ஸ்பிரிங்கில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் 2.7-க்குத் திருத்தம் இலவசமாகக் கிடைக்காது. பூட் 3-க்கோ குறைந்தது ஜாவா 17 வேண்டும். முடிவெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

அதற்கு முன், இன்றே பார்க்க வேண்டியது ஒன்று: உங்கள் ஜாவா 8-இன் அப்டேட் எண். அது 372-க்குக் கீழே இருந்து, கன்டெய்னரில் ஓட்டுகிறீர்கள் என்றால், சர்வர் ஓஎஸ் சிகுரூப் (கன்டெய்னருக்கு மெமரி, சிபியு வரம்பு வைக்கும் லினக்ஸ் வசதி) 2-ஆம் பதிப்புக்கு மாறும் நாளில் ஜேவிஎம்முக்குக் கன்டெய்னரின் மெமரி வரம்பு தெரியாமல் போகும். ஹீப் (அப்ளிகேஷனின் ஆப்ஜெக்டுகள் இருக்கும் மெமரி) அளவைக் கையால் கொடுக்கவில்லை என்றால், முழு மெஷினின் ராமில் கால் பங்கை ஹீப்பாக எடுத்துக்கொள்ளும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கியூபர்னெட்டீஸ் அந்தக் கன்டெய்னரை மீண்டும் மீண்டும் கொன்றுபோடும். 21-க்குப் போவதும் போகாததும் பிறகு, அப்டேட்டை முதலில் ஏற்றுங்கள்.

முதல் வேலை, இருக்கிற ஜாரை (கம்பைல் ஆன அப்ளிகேஷன் ஃபைலை) அப்படியே 21-இல் டெஸ்ட் சூழலில் ஓட்டுவது. பூட் 2.7.18 ஜாவா 21 வரை ஆதரிக்கிறது. (25 வந்துவிட்டதே என்று நேராக அதற்குத் தாவ வேண்டாம், 2.7-இன் ஆதரவு 21-உடன் நிற்கிறது.) பெரும்பாலும் ஸ்டார்ட்டே ஆகாது. காரணம் ஸ்டார்ட்-அப் ஸ்கிரிப்டில் கிடக்கும் பழைய ஃபிளாகுகள். மேக்ஸ்-பெர்ம்-சைஸ், சிஎம்எஸ் கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத மெமரியை விடுவிப்பது, சுருக்கமாக ஜிசி), ஜிசி லாகில் தேதி அச்சிடும் ஃபிளாக் ஆகியவற்றை 21 அடையாளமே காணாது, ஜேவிஎம் உடனே நின்றுவிடும். தெரியாத ஃபிளாகுகளைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லும் ஆப்ஷன் ஒன்று உண்டு. அதைப் போடாதீர்கள், நாளை எழுத்துப் பிழையான ஃபிளாகும் சத்தமில்லாமல் விழுங்கப்படும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஹீப் அளவு மட்டும் வைத்துத் தொடங்குங்கள்.

அடுத்து வருவது, ஓடும்போது வகுப்புகளின் உள்ளே புகுந்து தொடும் ரிஃப்ளெக்‌ஷன் பிழை. ஜேடிகேயின் உள்வகுப்புகளை வெளியிலிருந்து தொடுவது 16 முதல் இயல்பாகவே தடுக்கப்பட்டது, 17-இல் அந்தத் தடையை மொத்தமாகத் தளர்த்தும் ஆப்ஷனும் போய்விட்டது. எந்த ஜார் எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும் ஜேடெப்ஸ் கருவி ஓரளவு உதவும். ஆனால் பூட்டின் ஜாருக்குள் இருக்கும் ஜார்களை அது பார்க்காது, பிரித்துவைத்து ஓட்ட வேண்டும்; ரிஃப்ளெக்‌ஷன் வழியாகத் தொடுவது அதன் கண்ணில் படவே படாது. இதைவிட நல்ல வழி, ஜாவா 11-இல் ஒருமுறை "இல்லீகல் ஆக்சஸ்" ஆப்ஷனை "வார்ன்" என்று வைத்து ஓட்டுவது. எந்த லைப்ரரி எந்த வகுப்பைத் தொடுகிறது என்று ஒவ்வொன்றாக லாகில் விழும். லைப்ரரியின் புதிய பதிப்பு இருந்தால் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மட்டும் அந்த ஒரு பேக்கேஜுக்கு "ஆட் ஓபன்ஸ்" ஆப்ஷனால் அனுமதி கொடுங்கள். எக்ஸ்எம்எல் வேலை இருந்தால் எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் ஜாக்ஸ்பி வகுப்பைக் காணோம் என்றும் பிழை வரும். 11-இல் அது ஜேடிகேயிலிருந்து நீக்கப்பட்டது, டிபென்டன்சியாகச் சேர்த்தால் தீர்ந்தது.

கத்திக்கொண்டு உடைபவை இவை, பயம் இல்லை. சத்தமில்லாமல் உடைபவைதான் ஆபத்து. இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள்.

ஒன்று, எழுத்துக் குறியீடு. 18 முதல் யூடிஎஃப்-8 தான் எல்லா ஓஎஸ்ஸிலும் இயல்பு நிலை. ஆங்கில விண்டோஸில் ஜாவா 8 இயல்பாக எடுத்துக்கொண்டது விண்டோஸ்-1252. அதில் எழுதிய பழைய ஃபைலை, குறியீடு சொல்லாமல் 21-இல் படித்தால், உச்சரிப்புக் குறி உள்ள எழுத்துகள் சிதைந்து டேட்டாபேஸுக்குள் போகும். லோகேல் (மொழி, நாடு பற்றிய அமைப்பு) எதுவும் வைக்காத லினக்ஸ் கன்டெய்னரில் நேர் எதிர்: ஜாவா 8 அங்கே தமிழ்ப் பெயர்களைக் கேள்விக்குறிகளாக எழுதிக்கொண்டிருக்கும், 21 சரியாக எழுதும். இதை இப்போதே சோதிக்கலாம்: ஜாவா 8-இலேயே ஃபைல்-என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று வைத்து டெஸ்டுகளை ஓட்டுங்கள்.

இன்னொன்று, தேதியும் நேரமும். லோகேலை வைத்து நேரத்தை அச்சிட்டால், 20 முதல் அமெரிக்க ஆங்கிலத்தில் "10:30"-க்கும் "ஏஎம்"-க்கும் நடுவே வருவது சாதாரண இடைவெளி அல்ல, யூனிகோடின் 202எஃப் என்ற உடையாத குறுகிய இடைவெளி. திரையில் வித்தியாசம் தெரியாது. டெஸ்ட் தோற்கும்; எதிர்பார்த்ததும் கிடைத்ததும் கண்ணுக்கு ஒன்றாகவே இருக்கும். அந்த வரியைப் படித்துப் பிரிக்கும் அடுத்த சர்வீஸ் அங்கேயே விழும். லோகேலை நம்பாமல் பேட்டர்னை நீங்களே எழுதிய இடங்கள் இந்தக் கோளாறில் சிக்காது.

ஓட்டம் நிலைத்த பிறகு கம்பைலருக்கு வாருங்கள். கோடைத் தானாக உருவாக்கும் லாம்பாக் 1.18.30-க்குக் குறைந்தால் 21-இல் கம்பைல் ஆகாது, டெஸ்ட் கவரேஜ் அளக்கும் ஜாகோகோவுக்கு 0.8.11 வேண்டும். மேவனில் சோர்ஸ், டார்கெட் இரண்டையும் எடுத்துவிட்டு "ரிலீஸ்" என்பதில் 8 என்று வையுங்கள். டார்கெட் மட்டும் 8 என்று வைத்துப் புதிய ஜேடிகேயில் கம்பைல் செய்தால், பைட்பஃபரின் ஃபிளிப் மெத்தட் புதிய ரிட்டர்ன் டைப்போடு பதிவாகும். அந்த ஜாரைத் திரும்ப ஜாவா 8-இல் வைத்தால் மெத்தடைக் காணோம் என்று விழும். ரிலீஸ் 8 இருக்கும்வரை அதே ஜார் இரண்டிலும் ஓடும், பின்வாங்கும் வழி திறந்தே இருக்கும். ப்ரொடக்‌ஷனில் ஒரு நோடை மட்டும் 21-க்கு மாற்றி, மாதக் கடைசி ரிப்போர்ட் வேலைகள் ஒருமுறை ஓடி முடியும்வரை விடுங்கள். சின்ன கன்டெய்னர் என்றால் ஜிசியையும் பாருங்கள்: இரண்டு சிபியுவுக்கோ ஏறத்தாழ 1.8 ஜிபிக்கோ குறைந்தால் ஜேவிஎம் ஜி1 கலெக்டரை விட்டு, ஒரே த்ரெட்டில் ஓடும் சீரியல் கலெக்டரை எடுத்துக்கொள்ளும்.

பூட் 3 கடைசி. ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜுகள் ஜகார்த்தா ஆகின்றன, ஆனால் எல்லாமும் அல்ல. எஸ்க்யூஎல், கிரிப்டோ எல்லாம் ஜேடிகேயின் பகுதி, பழைய பெயரிலேயே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ரீப்ளேஸ் செய்யாமல் கோடைத் தானாக மாற்றும் ஓபன்ரீரைட் கருவியின் தயார் ரெசிப்பியைப் பயன்படுத்துங்கள். யூஆர்எல் கடைசியில் சாய்கோடு வைத்து அழைக்கும் கிளையன்ட்டுகளுக்கு 404 வரும், இயல்பு நிலையை ஸ்பிரிங் 6-இல் மாற்றிவிட்டார்கள். வெர்ச்சுவல் த்ரெட் (ஜேவிஎம்மே நிர்வகிக்கும் இலேசான த்ரெட்) ஆசையும் இதற்குப் பிறகுதான்: பூட் 3.2 வேண்டும், 21-இல் சின்க்ரனைஸ்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும்) பிளாக்குக்குள் காத்திருக்கும் வெர்ச்சுவல் த்ரெட் கீழேயுள்ள ஓஎஸ் த்ரெட்டையும் பிடித்துவைத்துக்கொள்ளும். 24-இல்தான் அது சரியானது.

சில அப்ளிகேஷன்களைப் பூட் 3 வரை கொண்டுபோக வேண்டாம். ஓராண்டுக்குள் மூடப்போவது, வெளி இணையத்தோடு தொடர்பில்லாதது, சோர்ஸ் இல்லாத பழைய ஜாவாஎக்ஸ் செர்வ்லெட் ஜாரை நம்பியிருப்பது. முதல் இரண்டுக்கும் ஜாவா 8-இன் கடைசி அப்டேட்டை ஏற்றினால் போதும். மூன்றாவதை 2.7-உம் 21-உமாக நிறுத்திவிட்டு, அந்த ஜாருக்கு மாற்று எழுதும் வேலையைத் தனியாகத் திட்டமிடுங்கள்.