கேன்டீன் மாறியது, எடை குறையவில்லையே?

கேள்வி: சென்ற ஆண்டு எங்கள் பள்ளி கேன்டீனில் பப்ஸையும் குளிர்பானத்தையும் நிறுத்திவிட்டுச் சுண்டலும் மோரும் வைத்தோம், கணக்குப் பாடத்துக்குத் தாரைவார்த்திருந்த விளையாட்டுப் பீரியடையும் மீட்டோம். ஆனால் ஆண்டு முடிவில் ஒன்பதாம் வகுப்பின் சராசரி எடை 4 கிலோ கூடியிருக்கிறது. முயற்சி வீண்தானா என்று நிர்வாகம் கேட்கிறது.
– ஆசிரியை, கரூர்

பதில்: உயரத்தையும் அளந்தீர்களா? பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்டுக்கு 4 கிலோ கூடுவது இயல்பான வளர்ச்சியே. கிலோவை மட்டும் பாராமல், எடையை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து, அந்த எண்ணை உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட, 5 முதல் 19 வயது வரைக்கான அட்டவணையோடு வயதுவாரியாகவும் பாலினவாரியாகவும் ஒப்பிட வேண்டும்.

அப்போதும், மாற்றம் ஏதும் செய்யாத, உங்களைப் போன்ற வேறு பள்ளிகளில் என்ன நடந்தது என்று தெரியாமல் பலனைக் கணிக்க இயலாது. ஒரே கேன்டீனில் சாப்பிட்டு ஒரே மைதானத்தில் ஓடும் 40 பிள்ளைகள் 40 தனித்தனிச் சான்றுகள் ஆகமாட்டார்கள் என்பதால்தான், ஆய்வாளர்கள் மாணவர்களை அல்லாமல் பள்ளிகளையே குலுக்கல் முறையில் இரு அணிகளாகப் பிரிக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1991-94 காலத்தில் 96 தொடக்கப் பள்ளிகளில் அப்படிச் செய்து பார்த்தபோது, மதிய உணவில் கொழுப்பின் பங்கு குறைந்தது, பிள்ளைகளின் ஓட்டமும் கூடியது. உடல் எடையில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. பின்னர் மாசசூசெட்ஸில் 10 நடுநிலைப் பள்ளிகளில் டிவி நேரத்தைக் குறைக்கவும் பாடத்தோடு சேர்த்துக் கற்பித்தார்கள். இரு பாலாரும் டிவி பார்ப்பதைக் குறைத்தார்கள். ஆனால் உடல்பருமன் மாணவிகளிடம் மட்டுமே குறைந்தது. பழக்கம் முதலில் மாறும், எடை பின்னால் வரும், சில சமயம் வராமலும் போகும் என்றே இதை நான் படிக்கிறேன்.

பள்ளிக்கு வெளியே கழியும் நேரமும் இருக்கிறதல்லவா? பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-ன் மத்திய விதி சொல்கிறது. ஆனாலும் இடைவேளையில் கேட் கம்பியின் இடுக்கில் பத்து ரூபாயை நீட்டி மசாலாப் பொட்டலம் வாங்கும் கையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே வரும் ஜூனில், எடையோடு உயரத்தையும், வாரத்தில் எத்தனை நாள் விளையாடினார்கள், எத்தனை முறை குளிர்பானம் குடித்தார்கள் என்பதையும் குறித்துவைத்து, பக்கத்துப் பள்ளி ஒன்றையும் அதேபோல் குறிக்கச் சொல்லுங்கள். எடையை மட்டும் வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கி, பருமனான பிள்ளைகளைத் தனியே பிரித்து ஓடவிட்ட திட்டம், அவர்கள் கேலிக்கு ஆளாகிறார்கள் என்ற விமர்சனங்களுக்கு நடுவே 2007-ல் கைவிடப்பட்டது.