வழிபாட்டுத் தலத்திற்குள் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுசெல்ல அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறதா?

பிறர் கண்ணில் படாதபடி ஆடைக்குள்ளோ பைக்குள்ளோ துப்பாக்கி வைத்திருப்பதையே ‘மறைத்துக் கொண்டுசெல்லுதல்’ என்கிறோம். அமெரிக்காவில் தேவாலயம், மசூதி, கோயில் போன்ற இடங்களில் இது செல்லுமா என்பதைப் பெரும்பாலும் அந்தந்த மாநிலச் சட்டமே தீர்மானிக்கிறது.

அரசியலமைப்பின் 2-ஆம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கிறது என்றாலும், தன் இடத்திற்குள் எதை அனுமதிப்பது என்பது இடத்துக்குரியவரின் உரிமை. சிகரெட் சட்டப்படி விற்கப்படுகிறது என்பதற்காக, அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து புகைக்க முடியாதல்லவா?

டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல் உரிமம் பெற்றவர் உள்ளே கொண்டுசெல்லலாம். வேண்டாம் என நினைக்கும் நிர்வாகம், ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்துகளில், வாசலில் பலகை வைத்துத் தடுக்கலாம். வருபவருக்கு ஐயமே எழாத இந்த முறை எனக்குச் சரியாகப் படுகிறது. ஜார்ஜியாவில் இது தலைகீழ்: நிர்வாகம் இசைந்தால்தான் அனுமதி. நியூயார்க் 2022-இல் முழுத் தடை விதித்து, வழக்குகளுக்கிடையே 2023-இல் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்போருக்கு மட்டும் விலக்களித்தது.

உரிமம் இருந்தால் எங்கும் நுழையலாம் என்று பலர் எண்ணுவது தவறு. வெளியேறச் சொன்ன பிறகும் ஆயுதத்துடன் நிற்பவர்மீது, உரிமம் இருந்தாலும், அத்துமீறல் வழக்கு வரலாம்.