ஓதம் பார்த்துப் பேருந்து பேசுங்கள்

பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவர்கள் 40 பேருடன் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகிறோம். சென்ற ஆண்டு படகில் ஒரு சுற்று, குழுப் படம், மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். இந்த முறை எதையாவது உருப்படியாக அளந்து வரவேண்டும். எதில் தொடங்குவது?
*கல்லூரி ஆசிரியை, விழுப்புரம்*

தேதியில் தொடங்குங்கள். பெரும்பாலான கல்லூரிகள் பேருந்து கிடைக்கும் நாளில் கிளம்புகின்றன. போய்ச் சேரும்போது ஓதத்தில் கடல்நீர் ஏறி, சேற்றிலிருந்து மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும். ஓத அட்டவணையில் (கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) காலை 9 முதல் 11 மணிக்குள் தண்ணீர் வடியும் நாளைத் தேர்ந்தெடுங்கள். வடியும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நாளை மாற்றினால் நேரத்தையும் மாற்றியாக வேண்டும். அட்டவணை கடலோரத் துறைமுகத்துக்கு உரியது. உள்வாய்க்காலில் நீர் வடிய இன்னும் தாமதமாகும். அதைப் படகோட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது காப்புக்காடு, 2022 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. சுற்றுலாப் படகுச் சீட்டை வைத்துக்கொண்டு சேற்றில் இறங்க முடியாது. வனத்துறைக்குக் கொடுக்கும் கடிதத்தில் பெயர்ப்பட்டியல், நாள், நோக்கம், கொண்டுபோகும் கருவிகள் எல்லாம் இருக்கட்டும். இலையோ மண்ணோ எடுப்பதாக இருந்தால் அதையும் தனியாக எழுதிக் கேளுங்கள்.

மரங்களுக்கு 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் போதும். நைலான் கயிறு நனைந்தால் இழுக்க இழுக்க நீளும். அளவு நாடாவையே விரியுங்கள். நான்கு பக்கமும் 10 மீட்டர் வந்துவிட்டால் சதுரம் ஆகிவிடாது. மூலைவிட்டம் 14 மீட்டர் 14 செ.மீ. வருகிறதா என்று பாருங்கள். குழுவுக்கு 8 பேர், உள்ளே இறங்குவது 3 பேர் மட்டும். எட்டுப் பேரும் மிதித்தால் எண்ண வேண்டிய மூச்சுவேர் எல்லாம் ஒடிந்து கிடக்கும்.

மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் எடுப்பது வழக்கம். சுரபுன்னையில் அந்த உயரத்தில் முட்டுவேர்தான் நிற்கும்; ஆகவே எல்லாவற்றுக்கும் மேலே உள்ள முட்டுவேர் முளைக்கும் இடத்துக்கு 30 செ.மீ. மேலே நாடாவைச் சுற்றுங்கள். வெண்கண்டல் அடியிலேயே பல தண்டாகப் பிரியும். ஒவ்வொரு தண்டையும் அளந்து, எல்லாவற்றுக்கும் ஒரே மர எண்ணைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மரம் நான்காகிவிடும். சுற்றளவை விட்டம் என்று எழுதிவிடுவது எல்லா வகுப்பிலும் நடக்கும் தவறு. விட்டம் வேண்டுமென்றால் 3.14-ஆல் வகுக்க வேண்டும். எழுதுவதற்குப் பென்சில்தான், பேனா மை கரைந்துவிடும்.

நீடித்த பயன்பாடு என்பதை அங்கே கண்ணால் காட்ட முடியுமா? சொற்பொழிவாகவே போய்விடுகிறது.
*உதவிப் பேராசிரியர், கடலூர்*

முடியும். காடு மீட்கப்பட்ட பகுதிக்குக் கூட்டிப்போங்கள். பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை, காட்டைக் கூறுகூறாகப் பிரித்து முழுவதுமாக வெட்டினார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து சுருங்கி, நடுவில் தொட்டி போலத் தாழ்ந்தது. ஓதத்தில் உள்ளே வந்த தண்ணீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பை விட்டுப்போனது. உப்பைத் தாங்கும் மரம்தானே என்று கேட்பார்கள். தாங்குவதற்கும் எல்லை உண்டு. வெட்டியது ஒரு முறை, வளரவிடாமல் செய்தது இந்தப் பள்ளம். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் வந்து போக வழிசெய்தார்கள். கன்றுகளை வாய்க்காலின் சரிவில் நட்டார்கள். வண்டல் சேர்ந்தால் வாய்க்கால் தூர்ந்து பழைய கதைதான்; ஆகவே தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை அளந்தும் காட்டலாம். வாய்க்கால் ஓரத்தில் ஒன்று, அங்கிருந்து 5, 10, 20 மீட்டரில் ஒவ்வொன்று என 30 செ.மீ. ஆழக் குழி தோண்டுங்கள். முதலில் ஊறும் நீரை இறைத்து ஊற்றிவிட்டு, இரண்டாவது ஊறலை உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். கடல்நீர் ஆயிரத்துக்குச் சுமார் 35 பங்கு உப்பு காட்டும். தொடங்கும் முன் காய்ச்சி வடித்த நீரை விட்டுச் சுழியத்தைச் சரிபாருங்கள்; ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் கண்ணாடியைக் கழுவித் துடையுங்கள். முந்தைய சொட்டின் உப்பு அடுத்த எண்ணில் ஏறிவிடும்.

தில்லை மரத்தைத் தொட்டால் கண் போய்விடுமா?
*மாணவர், சிதம்பரம்*

தொட்டால் ஒன்றும் ஆகாது. கிளையை ஒடித்தால் வடியும் பால்தான் ஆபத்து. கண்ணில் பட்டால் கடுமையாக எரிந்து தற்காலிகமாகப் பார்வை போகலாம். நிறைய நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் ஊரின் பழைய பெயரே இந்த மரத்தால் வந்தது. அடையாளம் காண ஒடித்துப் பார்க்க வேண்டியதில்லை. உதிரும் முன் இலை சிவக்கும். கரையை ஒட்டிய மேட்டுப் பகுதியில் தேடுங்கள்.

பேருந்துக்குப் பணமில்லை. கல்லூரிக்குப் பின்னால் பச்சைப்பசேலென்று ஒரு குளம் இருக்கிறது. அது கணக்கில் வருமா?
*துறைத்தலைவர், பெரம்பலூர்*

தாராளமாக. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பழைய ஆறுமாதச் சூழலியல் பாடத்திட்டம் களப்பணிக்கு 25 மதிப்பெண் ஒதுக்கியபோதே குளத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. ஒரே நாளில் காலை 6 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் கரைந்த ஆக்சிஜனை அளக்கச் சொல்லுங்கள். 30 டிகிரி நீரில் இயல்பாகக் கரைவது லிட்டருக்குச் சுமார் 7.5 மி.கி. பாசி மண்டிய குளம் மதியம் அதைத் தாண்டும். இரவெல்லாம் பாசியே மூச்சுவிட்டுத் தீர்ப்பதால் விடியலில் பாதாளத்துக்கு இறங்கும். மீன் அதிகாலையில் வாய் பிளந்து மேலே வருவது இதனால்தான்.

கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையில் தவறு நடப்பது பெரும்பாலும் குமிழியால். 300 மி.லி. குப்பியை நீருக்குள்ளேயே மெல்ல நிரப்பி, அங்கேயே மூடுங்கள். மாங்கனீசு சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு 2 மி.லி.; பிப்பெட்டின் நுனி நீருக்குள் இருக்கட்டும். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாகவே நின்றால் இல்லை. 2 மி.லி. கந்தக அமிலம் விட்டுக் கரைத்த பின், தைட்ரேஷனுக்கு (துளித்துளியாகக் கரைசல் விட்டு அளப்பதற்கு) 203 மி.லி. எடுங்கள். அந்த 3 மி.லி., மருந்து ஊற்றியபோது வழிந்த தண்ணீருக்கு ஈடு. 0.025 நார்மல் தயோசல்பேட்டில் செலவாகும் மி.லி. எண்ணே லிட்டருக்கு மி.கி. எண்ணாக வரும், பெருக்கல் கணக்கு மிச்சம். ஸ்டார்ச்சை நிறம் வெளிர் மஞ்சளான பிறகே விடுங்கள்.