வாசகர் கேள்வி பதில்: கிளாஸ்ல விழுந்த ஒரு சொல்லு

கேள்வி: ஹட்டன் பக்கம் டவுன் ஸ்கூல் ஒன்னுல தரம் 8க்கு படிப்பிக்கிறேன், வேலைக்கு வந்து ரெண்டு வருஷம்தான். போன கிழமை கடைக்கார வீட்டு பொடியன் ஒருத்தன், தேயிலைத் தோட்டத்துல இருந்து வர்ற பொடியனைப் பார்த்து “போடா தோட்டக்காட்டான்”னு சொல்ல கிளாஸே சிரிச்சிச்சு. நான் அந்தப் பிள்ளையை தனியா கூப்பிட்டு “அதெல்லாம் கணக்கெடுக்காதடா, நீ நல்லா படி”னு சொல்லி அனுப்பினேன். அன்னையில இருந்து அவன் என் முகத்தைப் பார்த்து பேசுறதே இல்ல. நான் என்ன பிழை விட்டேன்?

பதில்: தங்கச்சி, நீங்க நல்ல மனசோடதான் சொல்லியிருக்கீங்க. ஆனா அந்தச் சொல்லு விழுந்தது நாப்பது பேர் முன்னால, உங்க பதில் விழுந்தது அவன் ஒருத்தன் காதுல மட்டும். சொன்னவனுக்கு ஒன்னுமில்ல, சிரிச்சவங்களுக்கும் ஒன்னுமில்ல, பொறுத்துக்கோனு வேலை குடுத்தது அடிபட்டவனுக்குத்தான். டீச்சரும் அவங்க பக்கம்தான்னு அவன் நினைச்சிருப்பான்.

எனக்கு இது தெரியும், நானும் லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீட்டுல இருந்து டவுன் ஸ்கூலுக்குப் போனவதான். அம்மா விடிய பெரட்டுக்கு (தோட்டத்துல வேலைக்குப் பேர் குடுக்கிற இடம்) போயிருவாங்க, நான் ரெண்டு கட்டை (மைல்) நடந்து பஸ் ஏறணும், மழை நாள்ல வெள்ளை சப்பாத்து முழுக்க செம்மண் அப்பிக்கும், ஸ்கூல் கேட்டுக்கு இந்தப் பக்கமா ஒரு கான் ஓடும், அதுல காலை விட்டு கல்லுல தேச்சு கழுவிட்டுத்தான் உள்ள போவேன். அப்படியும் ஒரு நாள் ஒரு டீச்சர் என் காலைப் பார்த்துட்டு “லயத்தை இங்கயும் தூக்கிட்டு வந்துட்டியா”ன்னாங்க. ஏசியிருந்தா கூட தாங்கியிருப்பேன், அவங்க சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அதுக்கப்புறம் மழை வந்தா வயித்துவலின்னு சொல்லி வீட்டுல படுத்துக்குவேன். ரெஜிஸ்டர்ல அது வெறும் ‘வரவில்லை’. பிள்ளைங்க ஏன் இடைவிலகுதுன்னு இன்னைக்கும் மீட்டிங் வச்சா வறுமை, தூரம், பஸ் இல்லனு எழுதுறோம், அதெல்லாம் உண்மைதான், ஆனா இந்த மாதிரி சொல்லை யாரும் எழுதுறதில்ல.

இன்னும் நேரம் போயிரல. நாளைக்கே கிளாஸ்ல, “போன கிழமை ஒரு சொல்லு சொன்னீங்க, நான் பேசாம இருந்தது என் பிழை, அது ஒரு ஆளோட அம்மா அப்பா செய்ற வேலையையும் அவங்க இருக்கிற இடத்தையும் கேவலப்படுத்துற சொல்லு, இந்த கிளாஸ்ல அது வேணாம்”னு சொல்லுங்க. சத்தம் போடாதீங்க, பேர் சொல்லாதீங்க. அந்தப் பொடியனை எழுப்பி “உனக்கு எப்படி இருந்திச்சு”னு கேட்டுடாதீங்க, ரெண்டு பேரையும் முன்னால கூப்பிட்டு கை குடுக்க வைக்கவும் வேணாம், அது அவனுக்கு ரெண்டாவது அவமானம். சொன்ன பொடியனோட இன்டர்வெல்ல தனியா இருந்து கதைங்க, அவன் கடையிலயும் வீட்டுலயும் கேட்டதைத்தான் சொல்றான்.

ரெண்டு கிழமை போகட்டும், பிறகு ஒரு பாடத்துல சரித்திரத்தை எடுங்க. எல்லா பிள்ளைங்களும் வீட்டுல பெரியவங்ககிட்ட ‘நம்ம குடும்பம் இந்த மலைக்கு எப்ப, எப்படி வந்திச்சு’னு கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க, டவுன் பிள்ளைங்களும்தான். நம்ம டவுன் கடைக்காரங்கள்ல எத்தனை பேரோட தாத்தா தோட்டத்து ஆளுங்க மாதிரியே இந்தியாவுல இருந்து அதே கடலைத் தாண்டி வந்தவங்கனு அப்ப வெளிய வரும். நான் இதை செஞ்சப்ப ஒரு பொடியன் பாட்டியோட பழைய பிரஜாவுரிமை சேர்டிபிகேட்டை பொலித்தீன் பையில சுத்தி கொண்டு வந்தான், ஓரம் எல்லாம் கரையான் அரிச்சிருந்திச்சு, கிளாஸ்ல யாரும் தொடல, குனிஞ்சு குனிஞ்சு பார்த்தாங்க. அதை வச்சே தோட்டத்து ஆளுங்களை நாடற்றவங்களாக்கின 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964ல சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்னு சொல்லிக் குடுத்தேன், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப, 300,000 பேருக்கு இங்க பிரஜாவுரிமை குடுக்கனு ரெண்டு அரசாங்கமும் ஆளுங்களை பங்கு போட்ட கதை. நாடற்றவங்களா மிஞ்சியிருந்தவங்களுக்கு 2003ல வேற ஒரு சட்டம் வர வேண்டியிருந்திச்சு. ‘கள்ளத்தோணி’ன்னு, அதாவது களவா தோணியில வந்தவங்கன்னு யாராவது சொன்னா தகர டிக்கட்டை சொல்லுங்க. தோட்டத்து நம்பர் பொறிச்ச தகரத்தை கழுத்துல கட்டி, தமிழ்நாட்டு மண்டபம் கேம்ப்ல வச்சு பரிசோதிச்சு, கணக்கெடுத்து ஏத்தி அனுப்பின ஆளுங்க எப்படி கள்ளத்தோணி ஆவாங்க?

ஸ்டாஃப் ரூமையும் விட்டுடாதீங்க. “லயத்துப் பிள்ளைங்களுக்கு இவ்வளவுதான் ஏறும்”னு நம்ம ஆளுங்களே டீ குடிச்சுக்கிட்டு சொல்றதை நான் கேட்டிருக்கேன், அப்படி சொன்னதுல சிலர் லயத்துல பிறந்தவங்க. அதிபர்கிட்ட பேசி ஒரு மீட்டிங்ல அரை மணித்தியாலம் இதுக்கு மட்டும் கேளுங்க.

கேள்வி: பதுளையில படிப்பிக்கிறேன். எங்க தமிழ் ஸ்கூல்ல ஒரு முஸ்லிம் பிள்ளையை சில பிள்ளைங்க “பேக்ல குண்டு இருக்கா”னு பகிடி பண்றாங்க. சின்னப் பிள்ளைங்க விளையாட்டுனு விட்டுறலாமா?

பதில்: விடாதீங்க. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தப் பகிடி நம்ம ஸ்கூல்கள்ல வந்திச்சு. அப்ப பிறக்காத பிள்ளைங்களும் இப்ப அதை சொல்லுதுனா நாம சொல்லிக் குடுத்ததுதான். தமிழ் ஆளுங்களை அடிச்ச 83 கலவரத்துல நம்மளை எப்படிப் பார்த்தாங்கனு நம்ம வீட்டுல கதை கதையா சொல்லுவோம், அதே கண்ணால இந்தப் பிள்ளையைப் பார்க்க நமக்கு எப்படி மனசு வருது? மேல சொன்ன மாதிரியே எல்லார் முன்னாலயும் நிப்பாட்டுங்க. அன்னைக்கு சாயங்காலம் பிள்ளையோட வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து “எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கிறேன்”னு சொல்லுங்க. அந்த ஒரு கோல் வராமதான் நிறைய அப்பா அம்மா பிள்ளையை ஸ்கூல் மாத்துறாங்க.

கேள்வி: நான் தோட்டத் தொழிலாளி, தலவாக்கலை. என் மகளை டீச்சரே “லயத்து புத்தி”னு ஏசுறாங்களாம். போய்க் கேட்டா பிள்ளையைப் பழிவாங்குவாங்களோனு பயமா இருக்கு.

பதில்: ஐயா, உங்க பயம் நியாயமானது. அதனால தனியா போகாதீங்க, அதே கிளாஸ்ல படிக்கிற இன்னொரு பிள்ளையோட அம்மாவையோ அப்பாவையோ கூட்டிட்டுப் போங்க. முதல்ல மகள்கிட்ட கேட்டு எந்தத் திகதி, எந்தப் பாடம், என்ன சொல்லு, யார் யார் இருந்தாங்கனு ஒரு கொப்பியில எழுதி வைங்க. அரசியலமைப்புல 12(2) உறுப்புரை இனம், சாதி, மொழி, பிறந்த இடம் இதையெல்லாம் வச்சு எந்தப் பிரஜையையும் பாரபட்சமா நடத்தக்கூடாதுன்னு சொல்லுது, அரசாங்க ஸ்கூலுக்கும் அது பொருந்தும். முதல்ல அதிபர், சரிவரலனா வலயக் கல்வி அலுவலகம். பிள்ளை ரொம்ப பாதிக்கப்பட்டிருந்தா சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996. உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) வரைக்கும் போறதா இருந்தா நடந்து ஒரு மாசத்துக்குள்ள போகணும், நாளைக் கடத்தாதீங்க. கடிதம் குடுக்கும்போது ரெண்டு கொப்பி அடிச்சு, ஒன்னுல வாங்கினவங்ககிட்ட திகதி போட்டு கையெழுத்து வாங்கி வீட்டுல பத்திரமா வைங்க.