பெக்ட்லர் 5 டாலர்: எடை கூடுதலாக இருந்தால் போலியா?

அமெரிக்காவில் பெக்ட்லர் குடும்பம் தனியாராக அச்சிட்ட 5 டாலர் தங்க நாணயம் உங்களிடம் 9.05 கிராம் இருக்கிறது, இது போலியா என்று கேட்டிருந்தீர்கள். 9.05 கிராம் என்பது சரியான எடைதான். அதை வைத்து மட்டும் உங்கள் நாணயத்தைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாணயத்தில் உள்ள '140 ஜி' என்பதில் 'ஜி', கிரெயின் என்ற பழைய எடை அலகைக் குறிக்கிறது. 140 கிரெயின் என்றால் ஏறத்தாழ 9.07 கிராம்.

அமெரிக்க அரசு அச்சிட்ட 5 டாலர் 8.36 கிராம்தானே என்று கேட்டிருந்தீர்கள். குழப்பமே அங்கேதான். அரசு நாணயத்தில் தங்கம் சுமார் 90 சதவீதம். வட கரோலினாவின் ரதர்ஃபோர்டனில் பெக்ட்லர் குடும்பம் அச்சிட்ட இந்த வகை 20 காரட், அதாவது 83 சதவீதம்தான். அதே மதிப்புக்குத் தங்கம் வைக்க எடையைக் கூட்டியாக வேண்டும். கணக்குப் போட்டால் இரண்டிலும் சுத்தத் தங்கம் சுமார் 116 கிரெயின்தான். தனியார் பட்டறை என்றாலும் கணக்கில் கெட்டிக்காரர்கள்!

நாணயத்தில் உள்ள 'ஆகஸ்ட் 1, 1834' அச்சிட்ட தேதி அல்ல, தங்க நாணயங்களுக்கான புதிய எடைச் சட்டத்தைக் குறிப்பது. இந்த வகையில் பின்னாளில் அச்சிட்டவற்றிலும் அதே தேதிதான். அரசு நாணயத்தில் இருக்கும் கழுகு, பெண் தலை எதுவும் இதில் இல்லாததும் இயல்பே.

அடுத்து அடர்த்தியைப் பாருங்கள். நாணயத்தை நூலில் கட்டி, தண்ணீரில் முழுக்கி எடை போடுங்கள். வெளியே உள்ள எடையை, தண்ணீரில் குறைந்த எடையால் வகுத்தால் 16–17 வர வேண்டும். 10க்கு அருகில் வந்தால் தங்க முலாம்தான்.

ஆனால் அடர்த்தி சரியாக வந்தாலும் அசல் என்று உறுதியில்லை. தங்கத்திலேயே போலி அடிக்கலாம். விற்பதாக இருந்தால், நாணயங்களைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசிக்கு அனுப்புங்கள். அதுவரை மெருகு மட்டும் போடாதீர்கள், விலை விழுந்துவிடும்.