ஸ்பானிஷ் வகுப்பு வீணா?

அன்புள்ள அக்கா,

ஹூஸ்டனில் இருக்கிறோம். மகளுக்கு 19 வயது, கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) இரண்டாம் வருடம். இப்போது திடீரென்று பேரிடர் மேலாண்மையில் பேச்சிலர்ஸ் படிக்கப் போகிறேன் என்கிறாள். இதுவரை எடுத்த கிரெடிட்களில் (பாடங்களுக்கான மதிப்புப் புள்ளிகள்) எத்தனை பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகும்? ஸ்பானிஷ், டெக்சாஸ் கவர்ன்மென்ட், புள்ளியியல் என்று சம்பந்தமே இல்லாத பாடங்களில் இரண்டு வருடம் வீணாகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது. நண்பர்கள் கேட்டால் 'கம்யூனிட்டி காலேஜ்' என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஹார்வி புயலின்போது நானும் ஹூஸ்டனில்தான் இருந்தேன். போன வாரம் பழைய பெட்டி ஒன்றைத் துழாவும்போது அந்த நாட்களில் நான் எழுதி வைத்திருந்த ஒரு தாள் கிடைத்தது. இரண்டு நாளாக அதே நினைப்பில் இருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது.

முதலில் உங்கள் கேள்வி. மகள் படிப்பது 'அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ்' அல்லது 'சயின்ஸ்' என்றால் பெரிய கவலை வேண்டாம். டெக்சாஸில் ஓர் அரசுக் கல்லூரியில் எல்லோருக்கும் பொதுவான 42 கிரெடிட் கோர் பாடங்களை முழுதாக முடித்துவிட்டால், இன்னோர் அரசுப் பல்கலைக்கழகம் அதை அப்படியே மொத்தமாக ஏற்றாக வேண்டும். 'அப்ளைட் சயின்ஸ்' என்று ஒட்டு இருந்தால்தான் சிக்கல், அது வேலைக்கென்று வகுத்த படிப்பு, அதிலுள்ள தொழில் பாடங்கள் பல இடங்களில் செல்லாது. டென்டனில் இருக்கும் நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1983லேயே இந்தத் துறைக்கு இளங்கலைப் பட்டம் தொடங்கியது, அமெரிக்காவிலேயே முதலாவது. அங்கே என்ன கேட்கிறார்கள் என்று பார்க்கட்டும். எல்லா வகுப்பின் சிலபஸையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். ஏதாவது பாடத்தை ஏற்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கட்டும். அவ்வளவுதான்.

கூச்சம் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது உங்கள் நண்பர்களின் பிரச்சினை, அதை உங்கள் பெண்ணின் தலையில் இறக்கி வைக்காதீர்கள்.

ஆனால் 'சம்பந்தமே இல்லாத பாடங்கள்' என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. டெக்சாஸ் கவர்ன்மென்ட் சம்பந்தமில்லாததா? இந்த மாநிலச் சட்டப்படி நகரத்துக்கு மேயரும் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) கவுண்டி ஜட்ஜும்தான் பேரிடர் மேலாண்மைக்குத் தலைவர்கள். ஜட்ஜ் என்றால் கோர்ட்டில் தீர்ப்பு எழுதுபவர் என்று நினைத்துக்கொண்டு இருபது வருடம் இந்த ஊரில் வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர் கவுண்டி நிர்வாகத்தின் தலைவர், ஊரைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறது. 2005ல் ரீட்டா புயலுக்குப் பயந்து லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வெயிலில், நகராத நெடுஞ்சாலையில், புயல் வருவதற்கு முன்பே ஆட்கள் செத்தார்கள். முதியோர் இல்லத்திலிருந்து போன ஒரு பஸ் டல்லாஸ் பக்கம் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். 2017ல் ஹார்வி வந்தபோது 'வீட்டிலேயே இருங்கள்' என்று ஹூஸ்டனுக்குச் சொன்னதற்குப் பின்னால் அந்த ரீட்டா இருந்தது. அந்த முடிவு சரியா தப்பா என்று இன்றைக்கும் சண்டை போடலாம், ஆனால் யார் எடுக்கிறார், எந்தச் சட்டத்தில் எடுக்கிறார் என்று தெரியாத பெண் பேரிடர் அலுவலகத்தில் உட்கார்ந்து என்ன செய்வாள்?

புள்ளியியலும் அப்படித்தான். 'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறு வருடத்துக்கு ஒரு முறை வரும் என்று நம்பி வீடு வாங்கியவர்கள் எத்தனை பேர். ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். 30 வருடக் கடன் அடைத்து முடிவதற்குள் அந்த வெள்ளம் ஒரு முறையாவது வந்து போக 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அதாவது நாலில் ஒன்றுக்கும் மேல். ஹார்வியில், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் மூழ்கிய கட்டடங்களில் பெரும்பாலானவை, நூறாண்டு வெள்ளம் இதுவரை வரும் என்று வரைபடத்தில் போட்ட கோட்டுக்கு வெளியேதான் இருந்தன. வரைபடத்தைப் பார்த்து 'நமக்கு ஆபத்தில்லை' என்று இன்ஷூரன்ஸ் எடுக்காமல் இருந்த குடும்பங்களோடு நான் உட்கார்ந்திருக்கிறேன் தம்பி. சுவரில் நெஞ்சளவுக்குத் தண்ணீர்க் கறை. அந்த ஒரு சதவீதத்தை அவர்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் ஸ்பானிஷ். ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் முகாம் போட்டிருந்தார்கள், பதிவு மேஜையில் நான் இருந்தேன். ஈரச் சாக்ஸ் நாற்றமும் கட்டில்களை விரிக்கும் சத்தமுமாக இருந்த அந்த இடத்துக்கு, பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். எதையோ திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆங்கிலத்தையே இன்னும் உரக்கப் பேசினேன். அவர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். பக்கத்தில் டயப்பர் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், கம்யூனிட்டி காலேஜ் மாணவி, எழுந்து வந்து அவர் முன்னால் தரையில் குந்தினாள். தட்டுத் தடுமாறி ஏதோ கேட்டாள். 'யேலோ, யேலோ' என்று பாட்டி அழவே ஆரம்பித்துவிட்டார். யேலோ என்றால் ஐஸ். பைக்குள் இருந்தது இன்சுலின், மின்சாரம் போனதிலிருந்து ஐஸ் இல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அந்தப் பெண் ஆசிரியர்கள் அறையிலிருந்த ஃபிரிட்ஜில் அதை வைத்து, மேலே டேப் ஒட்டி, பாட்டியின் பெயரையும் கட்டில் எண்ணையும் எழுதினாள். பிறகு என்னிடம் வந்து, 'வினைச்சொல்லையெல்லாம் தப்பாகத்தான் சொன்னேன், இரண்டு செமஸ்டர்தான் படித்தேன்' என்றாள்.

பெட்டியில் கிடைத்த தாளில் அவளைக் கேட்டு நான் எழுதிக்கொண்ட பன்னிரண்டு ஸ்பானிஷ் வார்த்தைகள் இருக்கின்றன. முதல் வார்த்தை யேலோ.

டிரான்ஸ்ஃபர் அட்வைசரைப் பார்க்க மகளே போகட்டும். நீங்கள் வண்டியில் கொண்டுபோய் விடுங்கள், உள்ளே போகாதீர்கள். அடுத்த கடிதத்தையும் அவளையே எழுதச் சொல்லுங்கள், எனக்கு அவளிடம் கேட்க நிறைய இருக்கிறது.

அன்புடன்,
அக்கா